முழத்துக்கு இருபது விரல்

“என் மூலை வளையாது. ஆத்துல படகுல போறவன் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கட்டும். தரையில ஆரம்பிச்ச கோடு வானத்துலதான் போய் முட்டும். நடுவுல ஒரு விரல் வளைஞ்சாலும், ராஜா உயிர் மேல சத்தியம், என் பேரை அழிச்சிடுங்க.”

இப்படிச் சொன்னவர் இன்காப். சொன்ன இடம், அரசரின் புதிய பிரமிடின் தென்மேற்கு மூலை. நின்றது முதல் வரிசைக் கல்லின் மேல். கையில் பீர்க் குடம். கால்கோள் விழாவுக்கு அன்று எருது வெட்டியிருந்தார்கள். கேட்டவர்கள் இருநூறு பேர். அவர்களில் நிதானத்தில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்றாலும், அந்தப் பேச்சு இருநூறு பேருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருவன் தன்னைப் பற்றி அடித்துக்கொண்ட பெருமையை மற்றவர்கள் மறப்பதில்லை. அதற்கென்று எல்லோர் தலையிலும் தனியாக ஓர் அறை இருக்கிறது.

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு அவர்களுடைய கல்லறைச் சுவரிலேயே இருக்கும். அரசரின் செருப்பைச் சுமந்தவர், தானியக் களஞ்சியத்தின் தலைவர், வாத்துப் பட்டிகளின் மேற்பார்வையாளர் என்று பட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். இன்காப்புக்குச் சுவரும் இல்லை, பட்டமும் இல்லை. மூலைக்காரர் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே அவருடைய வரலாறு இந்தப் பாப்பிரஸ் துண்டில், கற்களின் மேல் வேலைக் கூட்டங்களின் பேரை எழுதும் அதே சிவப்பு மையால் எழுதப்படுகிறது. மையில் கொஞ்சம் மீந்திருக்கிறது. விஷயமும் கொஞ்சம்தான்.

இன்காப்பின் குடும்பம் மூன்று தலைமுறையாக அரசர்களின் சாவை நம்பிப் பிழைத்த குடும்பம். தாத்தா பிறந்தபோது அரசர்கள் களிமண் செங்கல் மேடைக்கு அடியில் அடக்கமாகப் படுத்திருந்தார்கள். பிறகு வெள்ளை மதில் நகரத்துக்கு மேற்கே யாருக்கோ ஒரு யோசனை வந்தது. மேடையைக் கல்லில் கட்டினால் என்ன? கட்டினார்கள். அதன் மேல் இன்னொரு மேடை வைத்தால் என்ன? வைத்தார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டே ஆறு மேடை ஏறிவிட்டது. அரசர் வானத்துக்கு ஏறிப் போவதற்கான படிக்கட்டு அது என்று பூசாரிகள் பின்னால் வந்து விளக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு படியும் இருபது முழம் உயரம். அதில் ஏறுகிற மாதிரியான கால் அரசருக்குத்தான் உண்டு என்பதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அப்பா காலத்தில் தெற்கே ஏழு படி கட்டினார்கள். முடிகிற நேரத்தில், எட்டாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தது. எட்டாக்கினார்கள். பிறகு இப்போதைய அரசருக்குப் படிகள் அலுத்துவிட்டன. மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்கும் வெயில்போல, அடியிலிருந்து நுனிவரை வழவழப்பான நாலு சரிவு வேண்டும் என்றார். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கட்டிப் பார்த்ததில்லை. ஆகவே அதை எப்படிக் கட்டுவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் இன்காப். அவரிடம் கருவேல மரத்தில் அவரே செதுக்கிய ஒரு முக்கோணப் பலகை இருந்தது. நிமிர்ந்த பக்கம் ஒரு முழம். படுத்த பக்கம் இருபது விரல். நுனியிலிருந்து ஒரு நூல் தொங்கும். நூலின் முனையில் ஒரு கல் குண்டு. மூலைக் கல்லின் சாய்ந்த முகத்தில் பலகையைப் பொருத்தினால் குண்டு ஆடி ஆடி அடங்கும். நூல் பலகையின் கோட்டோடு ஒட்டி நின்றால் கல் சரி. விலகினால் கொத்தனுக்குத் திட்டு. ஒரு முழம் மேலே போனால் இருபது விரல் உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் பிரமிடு. மீதியெல்லாம் இழுப்பவர்கள் வேலை, தண்ணீர் ஊற்றுபவர்கள் வேலை, ரொட்டி சுடுபவர்கள் வேலை, மேற்பார்வை பார்ப்பவர்கள் வேலை என்பது இன்காப்பின் கருத்து. அதில் கடைசி வகையினரிடம் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

பிரமிடுக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கூட்டம், ஒரு மூலைக்காரர். இதை எழுதும் நானும் இன்காப்பின் கூட்டம்தான். நாங்கள் தென்மேற்கு, கூட்டத்தின் பேர் ‘ராஜாவின் காளைகள்’. எதிர் மூலையான வடகிழக்கில் ‘நிதானமானவர்கள்’. பீர் பங்கு முடிந்த பிறகும் பானையைச் சுரண்டியவர்கள் அந்தக் கூட்டத்தார்தான். அவர்களுடைய மூலைக்காரர் உசெர், ஒல்லியானவர், வாய் மட்டும் அகலம். கால்கோள் விழாவில் இன்காப் சபதம் செய்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர்தான்.

“கோடு வானத்துல முட்டுறது இருக்கட்டும்,” என்றார் உசெர். “நீ இப்ப எருதுக் கொம்புல முட்டிக்கிட்டு நிக்கிற. முதல்ல கீழ இறங்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்காப்பும் சிரித்தார். ஆனால் பேரை அழிக்கச் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. எங்கள் மக்களுக்குப் பேர் என்றால் சும்மா இல்லை. உடம்பு போனாலும் பேர் இருந்தால் ஆள் இருக்கிறான். பேரை அழித்தால் மறு உலகத்தில் கூப்பிடவும் ஆளில்லாமல் போய்விடும். அப்படிப்பட்டதைத்தான் ஒரு குடம் பீரில் பணயம் வைத்தார். பீர் கெட்டியாக இருந்தது என்று மட்டும் அவர் தரப்பில் சொல்லலாம்.

பத்து வருடம் இன்காப்பின் வாய் சொன்னதைக் கை காப்பாற்றியது. நதிக்கு அக்கரையிலிருந்து வரும் வெள்ளைக்கல்லை வெள்ளக் காலத்தில் படகில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஈர மண்மேல் சறுக்குமரத்தில் இழுத்து மேலே ஏற்றுவார்கள். கடைசியில் அது இன்காப்பின் முன்னால் வந்து பணிவாக நிற்கும். அவர் பலகையை வைப்பார், குண்டு அடங்கும்வரை மூச்சுவிட மாட்டார். தென்மேற்கு விளிம்பு கத்தி முனைபோல ஏறியது. இருபது முழம், நாற்பது முழம், எண்பது முழம். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் ஓய்வு நாளில், மற்றவர்கள் தூங்கும்போது, அவர் நதிக்கரைக்குப் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தன் மூலையைப் பார்த்துவிட்டு வருவார். பலகையை இடுப்போடு கட்டிக்கொண்டுதான் படுப்பார். அவர் மனைவி நுபெத்துக்கு இதில் வருத்தம் உண்டு.

“என்னைக் கட்டுனீங்களா, இந்தக் கட்டையைக் கட்டுனீங்களா?” என்பாள். “திரும்பிப் படுத்தா விலாவுல குத்துது.”

“அதுதான் நமக்குச் சோறு போடுது, நுபெத்.”

“ரொட்டியை நான் சுடுறேன். அது என்ன போடுது?”

நுபெத் ரொட்டிச்சாலையில் வேலை செய்பவள். மணி மாதிரியான மண் அச்சுகளில் மாவை ஊற்றி அடுக்கிச் சுடுவாள். அவளுடைய தம்பி கெனுவும் பிரமிடில்தான். ஆனால் வெளியே இல்லை, உள்ளே. பிரமிடை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அந்த மலையின் நடுவிலிருக்கும் அறைகளுக்குப் போவதற்கு ஒரு சரிவுப் பாதை உண்டு. உயரம் இரண்டு முழத்துக்குச் சற்று மேல். எவ்வளவு பெரிய மனிதரும் அங்கே முதுகை வில்லாக வளைத்துத்தான் போக வேண்டும். வளையாத மூலைக்குச் சொந்தக்காரரான இன்காப்பும் வாரத்தில் பல தடவை அதில் வளைந்துதான் போய்வந்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்கிறது.

அவர் அங்கே போக வேண்டி வந்தது எப்படி என்பதுதான் கதை.

மலை நின்ற இடம் பாறை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாறை இல்லை, சரளையும் களிமண்ணும். எண்பது முழத்துக்கு மேல் ஏறியதும் மலை தன் கனத்தோடு சௌகரியமாக உட்கார இடம் தேட ஆரம்பித்தது. உள்ளறைச் சுவர்களில் முடி கனத்துக்கு வெடிப்புகள் வந்தன. மேற்பார்வையாளர் மெஹு வந்து பார்த்தார். மெஹு பருமனானவர். அவரைப் பாதைக்குள் தள்ளுவதற்கு இரண்டு பேரும், வெளியே இழுப்பதற்கு நாலு பேரும் தேவைப்பட்டார்கள். பார்த்துவிட்டு அவர் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, கடல் கடந்து வந்த தேவதாரு மரங்களைச் சுவருக்குச் சுவர் குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை கெனுவின் ஆட்களுக்கு. இன்னொன்று, ஒவ்வொரு வெடிப்பின் மேலும் குறுக்காக ஒரு பட்டை வெள்ளைச் சாந்து பூசி, மேலே தேதி எழுத வேண்டும்.

அந்தப் பட்டைக்குச் சாட்சி என்று பேர். சாந்து சீக்கிரம் இறுகிவிடும். அதற்கு வளையத் தெரியாது. சுவர் துளி நகர்ந்தாலும் பட்டை பிளந்துவிடும். பட்டை முழுசாக இருந்தால் தேதி போட்ட நாளிலிருந்து சுவர் அசையவில்லை என்று பொருள். எந்த மூலைப் பக்கத்துச் சுவரோ அந்த மூலைக்காரர்தான் சாட்சிக்குப் பொறுப்பு. சாட்சிகள் உடையாதவரை சாய்வு மாறாது, இருபது விரலே தொடரும். உடைந்தால் மேலே ஏற்றும் கனத்தைக் குறைக்க வேண்டும். கனத்தைக் குறைப்பது என்றால் சரிவைப் படுக்கவைப்பது. மெஹு இதைப் பொதுவாகத்தான் சொன்னார். உசெர் மட்டும் இன்காப்பைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வெள்ளக் காலத்து இரண்டாம் மாதம் பத்தாம் நாள் பூசிய தென்மேற்குச் சாட்சி, பதினாறாம் நாள் மத்தியானம் பிளந்திருந்தது. அதைப் பார்த்தது இன்காப் ஒருவர்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பதறி ஓடியிருப்பான். இன்காப் பதறவில்லை. விளக்கை வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். சாந்து சரியாகக் குழைத்திருக்கமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். வெளியே போய் ஒரு கிண்ணத்தில் தானே குழைத்து எடுத்துவந்து, உடைந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுப் பட்டை பூசினார். தேதி போட வேண்டுமே. பழைய தேதியையே போட்டார். அதே கையெழுத்து வர வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பொய் எழுதுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை. சாட்சிக்கு உடம்பு சரியில்லாததால் அதற்குப் பதிலாக வேறொரு சாட்சி வந்து அதே வாக்குமூலத்தைச் சொல்கிறது என்றுதான் தோன்றியது.

நாலு நாள் கழித்து அதுவும் பிளந்தது. அந்தச் சாந்தும் சரியில்லை. பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று. வெள்ளக் காலம் முடிவதற்குள் தென்மேற்கு மூலையின் சாட்சி நாட்டிலேயே மிகவும் உறுதியான சாட்சி என்று பேர் வாங்கிவிட்டது. மெஹுவே வந்து தட்டிப் பார்த்துப் பாராட்டினார். இன்காப் தலை குனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். அந்தப் பாதையில் வேறு மாதிரி நிற்கவும் முடியாது.

மத்தியானச் சாப்பாட்டைக் காளைகளோடு சாப்பிடாமல் விட்டதில் அவர் கொஞ்சம் இளைத்தார். வெங்காயத்தை இடுப்புத்துணியில் முடிந்து அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நுபெத்துக்குச் சந்தேகம் வந்தது. அவளுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். மாவு பிசைபவளுக்கு விரல் சொல்லாதது இல்லை.

“நகத்துல என்னங்க, வெள்ளையா?”

“சாந்து.”

“நீங்க மூலைக்காரர். சாந்து பூசுறது பூச்சுக்காரன் வேலை. யார் வீட்டுச் சுவத்தைப் பூசுறீங்க?”

இன்காப் கையை மடியில் மறைத்துக்கொண்டார். தெருக்கோடியில் நெசவு செய்யும் ஒரு விதவையின் வீட்டுச் சுவர் அண்மையில் வெள்ளை அடிக்கப்பட்டு மிகவும் அழகாக இருந்தது. அது நுபெத்தின் கண்ணிலும் பட்டிருந்தது. அடுத்த எட்டு நாள் அவருக்கு அடிப்பக்கம் கருகிய ரொட்டிதான் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் நல்ல ரொட்டி கிடைக்கும். ஆனால் மூலை போய்விடும். அவர் கருகலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார். ஒரு மனிதன் தன் கொள்கைக்காக எவ்வளவு தாங்குவான் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

உசெரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே விசாரிப்பு.

“உன் சாட்சி எப்படி?”

“முழுசா இருக்கு. உன்னுது?”

“முழுசா இருக்கு.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டு பிரிவார்கள். மற்ற இரண்டு மூலைகளிலும் அதே பதில்தான். நாலு மூலையும் முழுசாக இருந்தன. ஆனால் மலை மட்டும் நாளுக்கு நாள் முனகியது. மேல் வரிசையில் கல் ஏறும்போது உள்ளே தேவதாரு மரங்கள் கயிறு முறுக்குவதுபோல நெறிபடும் சத்தம் வெளியே வரை கேட்டது. மரம் புதுசு, காய்கிறது என்று சொல்லிக்கொண்டோம். நாற்பது வருடக் கட்டை அது.

அறுவடைக் காலத்தின் முதல் மாதம் ஒரு மத்தியானம், இன்காப் வழக்கம்போலக் கிண்ணத்தில் சாந்து குழைத்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே போனார். தன் பக்கத்துச் சுவரை எட்டியபோது காலில் ஏதோ தட்டியது. விளக்கைத் தாழ்த்தினார். கெனு. வெடிப்புக்கு நேர் கீழே பாயை விரித்து, தலைக்கு மரத்துண்டு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அதுவரை கெனுவின் ஆட்கள் எதிர்ப் பக்கத்து மரங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். இன்காப்புக்கு அது தெரியாது. அவர் காலால் நிமிண்டினார். கெனு எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

“ஏன்டா மாப்ள, வெளிய போய்ப் படுக்கிறதுதானே?”

“வெளிய கொளுத்துது, மாமா. இங்க குளுகுளுன்னு இருக்கு.”

“அதுக்கு இந்த இடம்தான் கெடச்சுதா?”

“இதான் மாமா நல்ல இடம்.” கெனு தலைக்கு மேலே கை காட்டினான். “பாத்தேன். உங்க சாட்சி வெள்ளக் காலத்துல வெச்சது, இன்னும் முழுசா நிக்குது. மத்த மூலைக்காரங்க எப்படியோ. நீங்க வெச்சதுன்னா நம்பிப் படுக்கலாம். பசங்களையும் நாளைலருந்து இங்கயே படுக்கச் சொல்லிட்டேன்.”

இன்காப் விளக்கை உயர்த்திப் பார்த்தார். முந்தாநாள் அவர் பூசிய சாட்சியில் ஒரு புதுக் கோடு மேலிருந்து கீழே ஓடத் தொடங்கியிருந்தது. இன்னும் பாதி வரைதான். கெனு விளக்கில்லாமல் பார்த்திருக்கிறான். அல்லது நம்பிக்கையோடு பார்த்திருக்கிறான். இரண்டும் ஒன்றுதான்.

மேலே எங்கோ ஒரு கல் இழுபட்டது. மரம் முனகியது. கெனு மறுபடி படுத்துக்கொண்டான்.

“எழுந்திருடா.”

“கொஞ்ச நேரம், மாமா.”

“எழுந்து வெளிய போ. உங்க அக்கா கூப்பிட்டா.”

“எதுக்கு?”

“ரொட்டி கருகாம சுட்டிருக்காளாம். போய்ப் பாரு.”

அக்காவின் ரொட்டி கருகாமல் வந்தது என்பது கெனுவுக்கு அந்த மாதத்தின் பெரிய செய்தி. பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். இன்காப் அங்கேயே உட்கார்ந்தார். கிண்ணம் மடியில் இருந்தது. விரல்கள் சாந்துக்குள் இருந்தன. இரண்டே கைவீச்சில் பூசிவிடலாம். பூசினால் மூலை நிற்கும், பேர் நிற்கும். நாளைக்கு ஆறு பேர் அதற்குக் கீழே பாய் விரிப்பார்கள், அவர்களில் ஒருவன் மச்சினன். இப்படி அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தை அவர் பிறகு யாரிடமும் அளந்து சொல்லவில்லை. ஆனால் சாந்து சொன்னது. அது கிண்ணத்திலேயே இறுகி, நாலு விரல்களைப் பிடித்துக்கொண்டது.

அப்படியே வெளியே வந்தார். கிண்ணத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, நேராக மெஹுவின் நிழற்பந்தலுக்குப் போனார். பந்தலில் உசெரும் மற்ற இரண்டு மூலைக்காரர்களும், வந்திறங்கப்போகும் கற்களைப் பற்றிப் பேச உட்கார்ந்திருந்தார்கள். இது போதாதென்று காளைகளில் பாதிப்பேர் சுற்றி நின்றோம்.

“என் சாட்சி உடைஞ்சுபோச்சுங்க,” என்றார் இன்காப்.

“இன்னிக்கா?” என்றார் மெஹு.

“வெள்ளக் காலத்துல. அப்புறம் நூத்தியோரு தடவை. நான்தான் பூசி வெச்சேன்.”

மெஹு கிண்ணத்தைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். சுத்தியல் கொண்டுவரச் சொன்னார். விரல்களை விடுவிப்பதற்குத்தான் என்று புரிவதற்குள் இன்காப்பின் முகம் வெளுத்துவிட்டது. கிண்ணம் உடைந்தது. மெஹு மெதுவாகத் திரும்பி உசெரைப் பார்த்தார்.

“உன் கையைக் காட்டு.”

உசெர் காட்டவில்லை. கையை இடுப்புத்துணிக்குள் வைத்துக்கொண்டார். வடமேற்குக்காரர் தன் நகங்களைத் தானே பார்த்துக்கொண்டு, அவற்றை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல வியந்தார். தென்கிழக்குக்காரர் அழுதுவிட்டார்.

நாலு பேர் நகத்திலும் வெள்ளை. இன்காப் மத்தியானம் போயிருக்கிறார். உசெர், நூல் குண்டை உள்ளே மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுச் சாயங்காலத்தில். ஒருவர் எல்லோருக்கும் முன்னால் காலையில். இன்னொருவர் ஓய்வு நாளில், தெய்வத்துக்குப் படையல் வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு. ஆளுக்கொரு நேரமாகப் போனதால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தன் மூலை மட்டும்தான் நகர்கிறது, மற்ற மூன்றும் பாறைபோல நிற்கின்றன என்று நாலு பேரும் ஏழு மாதம் தனித்தனியே வெட்கப்பட்டுச் செத்திருக்கிறார்கள்.

மெஹு யாரையும் தண்டிக்கவில்லை. மூலைக்காரர்கள் நாலு பேரையும் தண்டித்தால் மலைக்கு மூலை இருக்காது. தவிர, ஒருமுறைகூட அவர் அந்தப் பட்டைகளை நகத்தால் கீறி ஈரம் பார்க்காதது ஏன் என்ற கேள்வியும் எழும். பத்து நாளில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. தொண்ணூறு முழத்துக்கு மேல் சாய்வு மாறும். முழத்துக்கு முப்பது விரல். அதோடு விளக்கமும் வந்தது. மேல்நாடு, கீழ்நாடு இரண்டையும் அரசர் ஒன்றாக ஆள்வதைக் குறிப்பதற்காக ஒரே மலையில் இரண்டு சரிவுகள் என்று ஆதியிலிருந்தே திட்டமிடப்பட்டிருந்ததாம். அதைப் படித்துக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் பக்தியோடு தலையாட்டினோம். உசெர் மட்டும் இருமினார்.

உண்மையைச் சொன்ன அன்று, வீட்டில் நுபெத் அழுவாள் என்று இன்காப் பயந்திருந்தார். அவள் கதை முழுவதையும் கேட்டாள்.

“அப்ப அந்த நெசவுக்காரி?”

“அவளை எனக்குத் தெரியவே தெரியாது.”

“எட்டு நாள் கருகுனதைத் தின்னீங்களே. இதைச் சொல்லியிருந்தா நல்லதாப் போட்டிருப்பேன்ல?” அப்புறம் அடுப்பை மூட்டிக்கொண்டே, “கெனுவை எழுப்பி அனுப்புனீங்களே, அதுக்காக இன்னிக்கு மீனு,” என்றாள். அன்று வீட்டில் பொரித்த மீன் வாசனை தெருவைத் தாண்டிப் போயிற்று. இன்காப் ஏழு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்தார். நுபெத்தின் விலாவில் எதுவும் குத்தவில்லை.

அதற்குப் பிறகு இன்காப் நிறையக் கட்டினார். இந்த மலையிலிருந்து வடக்கே நடந்து போகிற தூரத்தில் எழுந்த அடுத்த மலையை அடியிலிருந்தே கிட்டத்தட்ட முப்பது விரலில் ஏற்றினார்கள். அதற்கு இடுப்பு ஒடியவில்லை, உள்ளே ஒரு வெடிப்பும் இல்லை. அப்பா கட்டிய எட்டுப் படிகளையும் நிரப்பிச் சரிவாக்கும் வேலைக்கும் அவரையே அனுப்பினார்கள். அப்பாவின் வேலையைப் பிள்ளை மூடி மறைத்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது இன்னும் வடக்கே, பாறையின் மேலேயே ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்களாம். முழத்துக்கு இருபத்திரண்டு விரல் என்று கேள்வி. நல்லா வரும் என்று சொல்லிவிட்டு இன்காப் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார். உசெர் சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்து பீர் குடிக்கிறார். சபதத்தை இருநூறு பேரும் மறக்கவில்லை. பேரை அழிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. கேட்கக்கூடியவர் உசெர்தான். அவருக்கும் நகம் இருந்தது.

ஆனால் அந்த ஒரு நாளைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிக்கக் கூடாது.

தொண்ணூறாவது முழத்தில் புதுச் சாய்வின் முதல் கல் நாலு மூலையிலும் ஏறியிருந்தது. நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் தொடங்கவில்லை. உசெர் வானத்தைப் பார்த்தார். தென்கிழக்குக்காரர் குண்டின் நூலில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கீழே நதியில் கல் ஏற்றிய படகுகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து பார்த்தால் மேலே நிற்கும் எல்லோரும் எறும்புபோலத் தெரிவார்கள்.

இன்காப் இடுப்பிலிருந்து பலகையை அவிழ்த்தார். புதுப் பலகை செய்துதருவதாக மெஹு சொல்லியிருந்தார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். பழைய பலகையின் அடியில், பத்து விரல் நீளத்துக்கு, நுபெத்தின் மாவுத் தொட்டியிலிருந்து உடைந்த ஒரு துண்டை வைத்து நாரால் இறுகக் கட்டி, சாய்ந்த பக்கத்துக்குப் புதிதாக ஒரு குச்சியும் பொருத்தியிருந்தார். கட்டின இடம் அசிங்கமாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் மாவும் ஒட்டியிருந்தது.

அவர் மண்டியிட்டு, கல்லின் முகத்தில் அதைப் பொருத்தினார். குண்டு ஆடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குண்டு அடங்கி, நூல் கோட்டோடு நின்றது. கல்லின் விளிம்பு பழைய கோட்டிலிருந்து பத்து விரல் உள்ளே தள்ளி இருந்தது.

“சரியா இருக்கு,” என்றார். “அடுத்த கல்லை ஏத்துங்க.”